தாயகம் திரும்பிய தமிழ்த் தொண்டர்

பிறந்த நாட்டை விட்டுப் பிற நாடு சென்று நெடுங்காலம் வாழ்வார்க்கு இருவகை இடர்ப்பாடுகள் உண்டு. சென்ற நாட்டில் புதியராய் நின்று அதன் மொழியும் வழக்கமும் அறியாது தடுமாறுதல் ஒன்று. முதுமையில் மீண்டு வந்தபொழுது, சொந்த நாட்டிலேயே புதியராய் நின்று தடுமாறுதல் மற்றொன்று. முன்னதனைப் பலரும் அறிவர். அதற்காக இரங்கவும் செய்வர். பின்னதனை அறிவார் சிலரே. தம் வீட்டிற்குத் திரும்பியவருக்குத் துன்பம் யாது என்றே உலகம் எண்ணும். இவ்விருவகை இடர்ப்பாட்டையும் கடந்து, இரண்டாவதனையே தம் வாழ்வின் பெரும்பேறாக மாற்றிக்கொண்ட ஒருவரின் வரலாற்றை இப்பாடத்திற் காண்போம். அவரே, தமிழ் மக்கள் அன்போடு போப்பையர் என வழங்கும் ஜார்ஜ் யூக்ளோ போப் ஆவார்.

போப்பையர் 1820-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 24-ஆம் நாள் பிறந்தார். அவர் பெற்றோர் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் பகுதியைச் சார்ந்தவர்; எனினும் அவர் பிறந்த இடம் இங்கிலாந்து அன்று. தந்தையார் வாணிகத்தின் பொருட்டு அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து, இன்று கனடா நாட்டின் பகுதியாக உள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவிற் குடியேறியிருந்தார். அங்கேதான் போப் பிறந்தார். 1826-ஆம் ஆண்டில் அக்குடும்பம் இங்கிலாந்திற்கு மீண்டு பிளிமத் துறைமுக நகரில் வாழத் தொடங்கியது. ஆறாண்டுச் சிறுவனாகிய போப்பிற்கு, பெற்றோர் தாயகம் என்று கூறிய நாடு அதுவரை கண்ணாற் காணாத நாடாகவே இருந்தது. தாயகம் திரும்புதல் என்பதன் பொருளை இங்ஙனம் இளமையிலேயே ஒருமுறை அவர் உணர நேர்ந்தது.

இளமையிலேயே சமயத் தொண்டில் நாட்டம் கொண்ட போப், தமிழகம் செல்லுதற்கு முன்னரே தமிழ் பயிலத் தொடங்கினார். அவர் முதல் தமிழ்ப் பாடம் கற்றது 1837-ஆம் ஆண்டில்; அப்போது அவருக்கு வயது பதினேழு. 1839-ஆம் ஆண்டில் சென்னைத் துறையை அடைந்தார். சூயஸ் கால்வாய் வெட்டப்படாத காலம் அது. ஐரோப்பாவிலிருந்து வரும் பாய்க்கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிப் பன்மாதம் கடலில் உழன்றே இந்தியக் கரையை அடையும். அத்தகைய பயணத்தை மேற்கொண்டவர்கள், மீண்டும் உற்றாரைக் காண்போம் என்னும் உறுதியின்றியே கப்பலேறினர்.

சென்னையில் இராமாநுச கவிராயர் என்னும் பெரும்புலவரிடம் போப் தமிழ் கற்றார். பின்பு தென்பாண்டி நாடு சென்று, தூத்துக்குடிக்கு அண்மையிலுள்ள சாயர்புரத்தில் 1842-ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றினார். அங்கு அவர் அமைத்த கல்வி நிலையத்தில் தமிழோடு கிரேக்கம், இலத்தீன், எபிரேயம் ஆகிய மொழிகளும் கற்பிக்கப்பட்டன. பாலை நிலம் போன்ற அச்செம்மண் காட்டில் இளைஞர்கள் அம்மொழிகளைப் பயின்றனர் என்பது வியத்தற்குரியது.

அக்காலத்திலேயே பெருந்துயர் ஒன்று அவரைத் தாக்கியது. 1841-ஆம் ஆண்டில் அவர் மணந்துகொண்ட மேரி அம்மையார், 1845-ஆம் ஆண்டில் தூத்துக்குடியில் உயிர் நீத்தார். சில ஆண்டுகளின் பின், 1849-ஆம் ஆண்டில் அவர் ஹென்றியேட்டா அம்மையாரை மணந்தார். அவ்வம்மையாரே பின்னர் நெடுங்காலம் அவருடன் வாழ்ந்து இன்ப துன்பங்களைப் பகிர்ந்துகொண்டவர். மணம் முடிந்த அண்மையில் இருவரும் இங்கிலாந்து சென்று சில காலம் தங்கினர். எனினும் போப்பையரின் உள்ளம் தமிழகத்தையே நாடியது. 1851-ஆம் ஆண்டில் அவர் தஞ்சைக்கு வந்து சேர்ந்தார்.

தஞ்சையில் அவர் வாழ்ந்த ஆண்டுகள் தமிழ்க் கல்விக்கு உரம் இட்ட ஆண்டுகளாகும். ஐரோப்பியர் எளிதில் தமிழ் பயிலுதற்கென அவர் எழுதிய கைந்நூல் 1855-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் அவர் வாழ்வில் அமைதி நிலைக்கவில்லை. சபையிற் சாதி வேறுபாடு பாராட்டுதல் பற்றி எழுந்த பூசல்கள் அவரைச் சூழ்ந்தன. அவரும் மென்மையாக நடந்துகொள்பவர் அல்லர். ஒழுங்கு தவறிய மாணவரைக் கடுமையாக ஒறுப்பவர் என்னும் பெயர் அவருக்கு இருந்தது. புலமைமிக்கோர் எல்லாரும் பொறுமைமிக்கோராய் இருத்தல் அரிது. பெரியோர் வரலாற்றைப் படிக்கும் நாம் அவர்தம் குணத்தோடு குற்றத்தையும் அறிதல் வேண்டும்.

தஞ்சையை விட்டு நீங்கிய அவர் உதகமண்டலம் சென்று பள்ளி ஒன்றை நிறுவி நடத்தினார். பின்னர், 1871-ஆம் ஆண்டு முதல் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியின் தலைவராக விளங்கினார். இடையே 1864-ஆம் ஆண்டில் காண்டர்பரித் தலைமை அத்தியட்சர் அவருக்கு இறைநூற் புலவர் என்னும் பட்டம் வழங்கிச் சிறப்பித்தார். இவ்வாறு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தபின், 1880-க்குப் பிந்திய தொடக்க ஆண்டுகளில், ஏறத்தாழ அறுபது வயதில், அவரும் குடும்பத்தாரும் இங்கிலாந்தில் நிலையாக வாழத் தலைப்பட்டனர்.

இங்கு நாம் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவர் சென்னைக்கு வந்தபோது பத்தொன்பது வயது இளைஞர். மீண்டபோது நரை முதியவர். அவர் விட்டுச்சென்ற இங்கிலாந்து வேறு. திரும்பிக் கண்ட இங்கிலாந்து வேறு. நாடெங்கும் புகைவண்டிப் பாதைகள் பின்னிக் கிடந்தன; தொழிற்சாலைகள் பெருகியிருந்தன; அவர் வாலிபத்தில் அறிந்த முதியோர் மறைந்திருந்தனர். பாய்க்கப்பலிற் பன்மாதம் கடந்த கடலை நீராவிக் கப்பல் இப்போது சூயஸ் கால்வாய் வழியே சில வாரங்களிற் கடந்துவிடும். வழி சுருங்கியது, ஆனால் உள்ளங்களுக்கிடையே இருந்த தொலைவு சுருங்கவில்லை.

அக்காலத்தில் இந்தியாவினின்று தாயகம் திரும்பிய சமயத் தொண்டர் குடும்பங்களின் நிலை எளிதன்று. வெயிலில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பனியும் மூடுபனியும் புதியன. ஏவலாளர் பலர் சூழ வாழ்ந்த இல்லத்தார், நிலக்கரி விலையையும் வீட்டு வாடகையையும் எண்ணிச் செலவு செய்தல் வேண்டும். அவையனைத்தும் பொறுத்துக்கொள்ளத் தக்கனவே. பொறுத்தற்கு அரியது பிறிதொன்று உண்டு. இந்தியாவில் ஊரார் அனைவரும் அறிந்த ஒருவர், இங்கிலாந்துத் தெருவில் எவரும் அறியாத முதியவராய் நடப்பார். நாற்பது ஆண்டுகள் அரிதின் முயன்று கற்ற மொழியைப் பேசுதற்கு அங்கு ஒருவரும் இரார். அவர் நெஞ்சிற் சேர்த்துவைத்த செல்வம் அந்நாட்டுக் கடைத்தெருவிற் செல்லாத நாணயமாய்விடும். இந்நிலையிற் சிலர் பழங்கதை பேசியே காலம் கழித்தனர். சிலர் மனம் மடிந்து மறைந்தனர்.

போப்பையருடைய காலத்தவராகிய கால்டுவெல் ஐயருக்கு இவ்விடர்ப்பாடு நேரவில்லை. 1838-ஆம் ஆண்டில் தமிழகம் வந்த அவர் இடையன்குடியைத் தம் ஊராகவே கொண்டார். 1891-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் உயிர் நீத்தார். அவர் தமிழ் மண்ணிலேயே வாழ்ந்து தமிழ் மண்ணிலேயே அடங்கினார். போப்பையருக்கோ அவ்வாறு அமையவில்லை. கற்ற தமிழைக் கடலுக்கு அப்பாற் கொண்டு சென்று என் செய்வது என்னும் வினா அவர்முன் நின்றது. அறுபது வயதில் அவ்வினாவிற்கு விடை காண வேண்டியவரானார்.

முதலில் அவர் சில காலம் மான்செஸ்டர் நகரில் தங்கினார். அந்நகரில் அவர் தம்பியாராகிய வில்லியம் பர்ட் போப், இறைநூற் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்தார். பின்பு போப்பையர் ஆக்ஸ்போர்டு நகரை அடைந்தார். தொன்மையான கல்லூரிகளும் பரந்த நூலகங்களும் நிறைந்த அந்நகரமே அவர் வினாவிற்கு விடையாய் அமைந்தது.

அந்நாளில் இந்திய ஆட்சிப் பணிக்குத் தேர்வுபெற்ற ஆங்கில இளைஞர்கள், இந்தியா வருதற்குமுன் பல்கலைக்கழகத்திற் பயில வேண்டும் என்னும் முறை இருந்தது. அவர்களுட் பலர் ஆக்ஸ்போர்டில் பேலியல் கல்லூரியைச் சேர்ந்தனர். சென்னை மாகாணத்திற்குச் செல்வோர் தமிழேனும் தெலுங்கேனும் கற்றல் வேண்டும். அவர்களுக்குக் கற்பிக்க வல்லவர் இங்கிலாந்தில் எத்துணைப் பேர்? 1884-ஆம் ஆண்டில் போப்பையர் அப்பல்கலைக்கழகத்தில் தமிழ், தெலுங்கு மொழிகளின் ஆசிரியராக அமர்ந்தார். 1886-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு பட்டம் நல்கியது. 1888-ஆம் ஆண்டில் அவர் பேலியல் கல்லூரியின் குருவாகவும் ஆனார். செல்லாத நாணயம் என்று எவரும் எண்ணத்தக்க தமிழறிவே, அவருக்கு அயலூர் போன்ற சொந்த நாட்டில் ஓர் இடம் தேடித் தந்தது.

அவர் வகுப்பிற் பயின்றோர் சிலரே. அவர்களும் தேர்வுக்கும் அலுவலுக்கும் வேண்டிய அளவே கற்க வந்தவர்கள். அதனோடு அமைந்திருப்பின் போப்பையரின் பெயர் பல்கலைக்கழக ஏடுகளில் மட்டும் இருந்திருக்கும். அவரோ அதனோடு அமையவில்லை. தமிழரின் தலைசிறந்த நூல்களை ஆங்கிலேயர் படித்து, அவற்றை இயற்றிய மக்களை மதித்தல் வேண்டும் என்று விரும்பினார். ஆளச் செல்லும் இளைஞர் அம்மக்களின் மொழியை மட்டும் அறிந்தாற் போதாது. உள்ளத்தையும் அறிதல் வேண்டும் என்பது அவர் கருத்து.

1886-ஆம் ஆண்டில் திருக்குறளின் 1330 குறட்பாக்களையும் ஆங்கிலச் செய்யுளாக்கி வெளியிட்டார். அவருக்கு முன்னரே வீரமாமுனிவர் குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனிற் பெயர்த்திருந்தார். எல்லிஸ் துரை சில பகுதிகளை ஆங்கிலமாக்கியிருந்தார். அவ்விருவர் உழைப்பையும் போப்பையர் போற்றிப் பயன்கொண்டார். வள்ளுவர் மயிலாப்பூரிற் கிறித்தவ சமயத்தாருடன் பழகி அவர்தம் கருத்தை அறிந்திருக்கலாம் என்று அவர் எழுதியதைத் தமிழறிஞர் ஏற்கவில்லை. அதற்குச் சான்றும் இல்லை. ஆயினும் அவர்தம் மொழிபெயர்ப்பால் குறளின் புகழ் ஆங்கிலம் அறிந்த நாடுகளிற் பரவியது என்பதை எவரும் மறுத்தற்கு இயலாது. அடுத்து, நாலடியாரின் 400 வெண்பாக்களையும் ஆங்கிலமாக்கி, விரிவான குறிப்புகளுடன் 1893-ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழக அச்சகத்தின் வாயிலாக வெளியிட்டார்.

அப்போது அவர் வயது எழுபத்து மூன்று. இனி ஓய்வு கொள்ளலாம் என்று எண்ணத்தக்க பருவம். ஆனால் மாணிக்கவாசகரின் திருவாசகம் அவர் நெஞ்சைக் கவர்ந்து நின்றது. அதனை மொழிபெயர்க்க அவர் துணிந்த வரலாறு சுவையானது. பேலியல் கல்லூரியின் தலைவர் ஜோவெட் என்பவர் பெரும்புலவர். பிளேட்டோவின் நூல்களைக் கிரேக்கத்தினின்றும் ஆங்கிலமாக்கியவர். ஒருநாள் கல்லூரி முற்றத்தில் அவருடன் உலவியபோது, போப்பையர் மாணிக்கவாசகரைப் பற்றி எடுத்துரைத்தார். அந்நூலை வெளியிட வேண்டும் என்ற பேச்சு எழுந்தபோது, அத்துணைப் பெரும்பணியை முடிக்கத் தம் ஆயுள் இடந்தருமோ என்று போப்பையர் ஐயுற்றார். பெரும்பணி ஒன்றைக் கையில் வைத்திருத்தலே நீடு வாழ்தற்கு வழி என்றும், அது முடியும்வரை அவர் வாழ்வார் என்றும் ஜோவெட் அவருக்கு ஊக்கமூட்டினார். ஊக்கமூட்டிய அவர் 1893-ஆம் ஆண்டில் மறைந்தார். அவர் வாக்கோ பொய்க்கவில்லை.

கிறித்தவ குருவாகிய ஒருவர், சிவபெருமான்மீது பாடப்பட்ட 51 பதிகங்களையும் பல்லாண்டு ஓதி, ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து, தம் தாய்மொழியிற் பெயர்த்தார். தம் சமயத்தில் அவர் கொண்ட பற்றுச் சிறிதும் தளரவில்லை. ஆயினும் பிறர் உள்ளம் உருகிப் பாடிய பாட்டின் உண்மையை உணர அப்பற்றுத் தடையாகவும் இல்லை. 1900-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள், தமது எண்பதாவது பிறந்தநாளில், அந்நூலின் முன்னுரையில் அவர் கையெழுத்திட்டார். அவ்வுரையில், தாம் முதல் தமிழ்ப் பாடம் கற்றது 1837-ஆம் ஆண்டில் என்பதை நினைவுகூர்ந்து, நெடுங்காலத் தமிழ்த் தொண்டு இதனோடு நிறைவுறுவதாக உள்ளம் நெகிழ்ந்து எழுதினார். அறுபத்து மூன்று ஆண்டுகள் ஒரு மொழியோடு வாழ்ந்த வாழ்க்கை அது.

தமிழகத்தோடு அவர் கொண்ட தொடர்பும் அறுபடவில்லை. உ. வே. சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டில் புறநானூற்றைப் பதிப்பித்து வெளியிட்டார். போப்பையர் அந்நூலிற் பல பாட்டுகளை ஆங்கிலமாக்கினார். சென்னையில் தோன்றிய சித்தாந்த தீபிகை என்னும் இதழ் அவற்றை வெளியிட்டது. நேரிற் காணுதற்கு அரிய நாட்டை அவர் ஏட்டிற் கண்டார். கடலுக்கு அப்பாலிருந்த புலவர்களோடு அஞ்சலில் உறவாடினார். 1906-ஆம் ஆண்டில் இலண்டன் அரச ஆசியக் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது.

அவர்தம் குடும்பத்தின் நிலை யாதாயிற்று? பெற்றோர் தாயகம் மீண்டனர். மைந்தரோ கீழ்த்திசைக்கே வந்தனர். ஒருவர் பர்மாவிற் கல்வித்துறையின் தலைவரானார். ஒருவர் இந்தியாவிலும் சீனத்திலும் இருப்புப்பாதைப் பணியில் உயர்நிலை எய்தினார். மற்றொருவர் மருத்துவராகி, சென்னை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவப் பேராசிரியராக விளங்கினார். மைந்தர்க்குத் தாயகம் எது, பெற்றோர்க்குத் தாயகம் எது என்று வரையறுத்துக் கூறல் எளிதோ? ஒரு குடும்பம் இரு நாடுகளை நேசிக்குமாயின், பிரிவு என்னும் வரியை அது செலுத்தியே தீர வேண்டும். ஆக்ஸ்போர்டில் இருந்த முதியோர் அவ்வரியை இறுதிவரை செலுத்தினர்.

போப்பையர் 1908-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் உயிர் நீத்தார். அந்நகரிலுள்ள செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மனைவியாருக்கும் மகளிருக்கும் ஆங்கில அரசு உதவித்தொகை அளித்தது. 1911-ஆம் ஆண்டில் மறைந்த அவ்வம்மையாரும் கணவரின் கல்லறையிலேயே அடங்கினார்.

தம்மைத் தமிழ் மாணவர் என்று கல்லறையிற் பொறிக்குமாறு அவர் வேண்டினார் என்றும், அவ்வாறே பொறிக்கப்பட்டது என்றும் ஒரு செய்தி நம் நாட்டில் வழங்குகிறது. ஆனால் அக்கல்லில் அச்சொற்கள் இல்லை. மெய்யாக அதில் உள்ள செய்தியோ அதனினும் இனியது. அவரைத் தென்னிந்தியாவைச் சார்ந்தவராகவே அக்கல் குறிக்கின்றது. பல்கலைக்கழகத்தில் அவர் தமிழும் தெலுங்கும் கற்பித்ததையும், கல்லூரியிற் குருவாக இருந்ததையும் கூறுகின்றது. பின்னர், அக்கல்லை நாட்டியவர் இன்னார் என்று உரைக்கின்றது. அவர்தம் குடும்பத்தாரும், தென்னாட்டுத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அதனை நிறுவினர்.

இவ்வொரு செய்தியில் அவர் வாழ்க்கை முழுதும் அடங்கியிருத்தலைக் காண்கிறோம். குருதியால் உறவாயினார் ஒருபுறம். தமிழால் உறவாயினார் மறுபுறம். இருவரும் ஒரு கல்லின் முன் ஒன்றுகூடினர். பின்னர், 1968-ஆம் ஆண்டில் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, கடற்கரையில் அவருக்குச் சிலை எடுக்கப்பெற்றது. பத்தொன்பது வயதில் அவர் வந்திறங்கிய கடற்கரை நகரிலேயே அச்சிலை நிற்கின்றது.

பிறந்த இடமும் வளர்ந்த இடமும் நம் விருப்பத்தால் அமைவன அல்ல. உழைத்து ஈட்டிய அறிவு ஒன்றே நாம் செல்லுமிடமெல்லாம் உடன்வருவது. ஊர் மாறியபோது தாம் கற்றதைக் கைவிடாது, சென்றவிடத்தார்க்கு அதனை வாரி வழங்கியமையால், போப்பையர் சொந்த நாட்டிற் புதியவராய் நின்று வருந்தவில்லை. இரு நாட்டார்க்கும் உரியவரானார். கல்வியின் பொருட்டும் தொழிலின் பொருட்டும் ஊர்விட்டு ஊர் செல்ல நேரும் நமக்கு அப்பெரியாரின் வாழ்க்கை நல்வழி காட்டுவதாக.